டாய் பூடில் டார்க் சாக்லேட் தின்றுவிட்டது: வீட்டிலேயே வாந்தி எடுக்க வைக்கலாமா?

புங்கோல் மலர் | இரவு 9:22

அவசரமா பதில் வேணும். டாய் பூடில் நாய், பெண், 4 வயசு, 5 கிலோ. 100 கிராம் டார்க் சாக்லேட் கட்டி, அட்டையில் கோக்கோ 55 சதவீதம்னு போட்டிருக்கு. மிச்சம் கிடந்ததைச் சமையல் தராசில் வச்சேன், 55 கிராம் இருக்கு. வெள்ளித்தாளிலும் உள்ளங்கை அளவு ஒரு துண்டைக் காணோம். 8:15-க்கும் 8:45-க்கும் நடுவில் தின்னிருக்கணும். இப்போதைக்கு நல்லாத்தான் இருக்கு, வாலாட்டுது. தண்ணி மட்டும் வழக்கத்தைவிடக் கூடக் குடிக்குது.

இந்த அளவு ஆபத்தா? வீட்டில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கு, வயிற்றுப்போக்குக்கு வாங்கி வச்ச கரி மாத்திரை இருக்கு. ரெண்டுல எதையாவது கொடுக்கலாமா? வாட்ஸ்அப்பில் ஒருத்தர் உப்புத் தண்ணி கொடுங்கிறாங்க, இன்னொருத்தர் பால் கொடுங்கிறாங்க. எங்க வட்டாரக் கிளினிக் 8 மணிக்கே மூடியாச்சு. காலையில் திறக்கிற வரைக்கும் பார்த்துட்டுப் போனாப் போதுமா?

செங்காங் சுமதி | இரவு 9:26

காலை வரைக்கும் வேண்டாம் மலர். இப்பவே கிளம்புங்க. 5 கிலோ உடம்புக்கு 45 கிராம் டார்க் சாக்லேட்ங்கிறது இதயத்தைத் தொடுற அளவு. வாலாட்டுதேன்னு ஏமாறாதீங்க. அறிகுறி பெரும்பாலும் 6-லிருந்து 12 மணி நேரத்துக்குள்ளதான் முழுசாத் தெரியும். வாந்தி எடுக்க வச்சு விஷத்தை வெளியே கொண்டுவர நல்ல நேரம் அறிகுறி வர்றதுக்கு முன்னாடி இருக்கிற இந்த நேரம்தான். காலையில் போனா வாந்தி எடுக்க வைக்க முடியாது, வலிப்புக்கும் துடிப்புக்கும்தான் வைத்தியம் பார்க்கணும்.

முதல்ல 24 மணி நேர விலங்கு மருத்துவமனை ஒண்ணுக்கு போன் போடுங்க. மூடின கிளினிக்குக்கே அடிச்சாலும், அவசரத்துக்கு எங்கே போகணும்னு பதிவுக்குரல் பெரும்பாலும் சொல்லும். போன்ல சுருக்கமாச் சொல்லுங்க: "டாய் பூடில், 5 கிலோ, 55 சதவீத டார்க் சாக்லேட் 45 கிராம், 8:15-க்குச் சாப்பிட்டது, வெள்ளித்தாளும் உள்ளே போயிருக்கு, இன்னும் வாந்தி எடுக்கலை." நேரத்தை முந்தினதாவே சொல்லணும், அளவைக் கூடுதலாவே சொல்லணும். இதயக் கோளாறு, வலிப்பு, ஏற்கெனவே சாப்பிடற மாத்திரை ஏதாவது இருந்தா அதையும் விடாமச் சொல்லுங்க.

நம்ம சிங்கப்பூர்ல பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் நாயை ஏத்த மாட்டாங்க. செல்லப்பிராணியை ஏத்துற கிராப்பெட் கார் பதிவு பண்ணுங்க. டாக்சின்னா நாய் வருதுன்னு பதிவு பண்றப்பவே சொல்லிடுங்க, இல்லேன்னா புளோக் வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிடுவாங்க. நாயை வைக்கிற கேரியரில் பழைய துண்டு ஒண்ணு விரிச்சுக்கோங்க, வழியிலேயே வாந்தி எடுக்கலாம். அட்டை, மிச்ச சாக்லேட், கிழிஞ்ச வெள்ளித்தாள் மூணையும் ஒரு பையில் போட்டு எடுத்துட்டுப் போங்க. அட்டையில் இருக்கிற பொருள் பட்டியலை மருத்துவர் கட்டாயம் பார்ப்பார்.

உப்புத் தண்ணி வேண்டவே வேண்டாம். வாந்தி வரலைன்னா அந்த உப்பு அப்படியே ரத்தத்தில் ஏறும், சோடியம் கூடி மூளையைப் பாதிக்கும். சாக்லேட் விஷத்துக்கு மேல இன்னொரு விஷம் வச்ச கதைதான். பால் எதையும் முறிக்காது, கொழுப்பைத்தான் கூட்டும். தொண்டையில் விரல் விடுறதும் வேண்டாம். கடி வாங்குவீங்க, அதோட தொண்டையும் காயப்படும்.

தோ பாயோ ராஜன் | இரவு 9:34

மலர் கிளம்பட்டும். அளவை எப்படிக் கணக்கிடுவது என்று பின்னால் இதே கேள்வியோடு வருகிறவர்களுக்கு எழுதிவைக்கிறேன். "கொஞ்சம்தான் தின்றது" என்று சொல்வது யாருக்கும் உதவாது. மருத்துவருக்கு வேண்டியது எண்.

சாக்லேட்டில் நாய்க்கு ஆகாதவை இரண்டு: தியோபுரோமின், கஃபீன். நாம் வேகமாகக் கழித்துவிடுகிற தியோபுரோமினை நாயின் கல்லீரல் மிக மெதுவாகத்தான் உடைக்கும். உள்ளே போனதில் பாதி குறையவே ஏறக்குறைய 17 மணி நேரம் ஆகும். கஃபீனுக்கு 4 முதல் 5 மணி நேரம். கோக்கோ எவ்வளவு கருப்போ அவ்வளவு வீரியம்.

இரண்டையும் சேர்த்து, ஒரு கிராமில் ஏறத்தாழ எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். வெள்ளைச் சாக்லேட்டில் இல்லை என்றே சொல்லலாம். மில்க் சாக்லேட்டில் 2.3. 50, 55 சதவீத டார்க்கில் 5.4. 70 சதவீதத்துக்கு மேல் போனால் 9 வரை. கேக்குக்குப் போடும் சர்க்கரை சேர்க்காத பேக்கிங் சாக்லேட்டில் 15. சர்க்கரை சேர்க்காத கோக்கோ தூளில் 20 முதல் 28. பயப்பட வேண்டியது இந்தக் கடைசிப் பொருளுக்குத்தான். தலைதட்டிய ஒரு மேசைக்கரண்டி கோக்கோ தூள் 6 கிராம் இருக்கும். அதிலேயே 150 மில்லிகிராம் போய்விடும். கேக் செய்யும் மேசையில் திறந்து கிடக்கும் கோக்கோ டப்பா, சோபாவில் கிடக்கும் சாக்லேட் கட்டியைவிடப் பல மடங்கு ஆபத்தானது.

தின்ற கிராமை அந்த எண்ணால் பெருக்கி, நாயின் எடையால் வகுக்க வேண்டும். மலருடைய கணக்கு: 45 × 5.4 = 243. அதை 5-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 49 மில்லிகிராம்.

கிலோவுக்கு 20 மில்லிகிராமை எட்டினால் வாந்தி, பேதி, தாகம், நிலைகொள்ளாமை தொடங்கும். 40-லிருந்து 50-க்குள் இதயத் துடிப்பு எகிறும், தாளம் தப்பும். 60-ஐத் தாண்டினால் வலிப்பு வரலாம். 100-க்கு மேல் உயிருக்கே உலை. இவை கோடு கிழித்த எல்லைகள் அல்ல. வயதான நாய், இதயக் கோளாறுள்ள நாய் என்றால் இதைவிடக் குறைவிலேயே சிக்கல் வரும். 15-ஐத் தாண்டிவிட்டாலே மருத்துவமனைக்குப் பேசிவிடுவது நல்லது.

எடை தெரியாதவர்கள் குளியலறைத் தராசில் நாயைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை, தனியாக ஒரு முறை ஏறி நின்று கழித்துப் பாருங்கள். 3, 4 கிலோ நாய்க்கு இந்த முறையில் அரைக் கிலோ பிசகினாலே விடை மாறிவிடும், அதனால் தடுப்பூசி அட்டையில் கடைசியாக எழுதிய எடை இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சம் எதுவும் இல்லையென்றால் முழுக் கட்டியையும் தின்றதாகவே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இரண்டு நாய் இருந்து யார் தின்றது என்று தெரியாவிட்டால், மொத்தத்தையும் ஒவ்வொன்றும் தின்றதாகத் தனித்தனியே கணக்குப் போட வேண்டும். பங்கு பிரிக்காதீர்கள்.

புங்கோல் மலர் | இரவு 9:41

நன்றிக்கா, நன்றி அண்ணே. பேசிட்டேன், உடனே வரச் சொல்லிட்டாங்க, எதுவும் கொடுக்காதீங்கன்னும் சொன்னாங்க. கார் 6 நிமிஷத்தில் வருது. அங்கே என்னெல்லாம் செய்வாங்க? எதுக்கெல்லாம் நான் முடிவு சொல்ல வேண்டியிருக்கும்?

விலங்கு மருத்துவச் செவிலி | இரவு 9:50

அவர்கள் முதலில் வாந்தி எடுக்க வைப்பார்கள். அபோமார்ஃபின் ஊசி போடுவது வழக்கம். கண்ணில் விடும் ரோபினிரோல் சொட்டு மருந்தும் உண்டு. ஊசி போட்டுச் சில நிமிடங்களிலேயே வந்துவிடும். இரண்டு, மூன்று தடவை எடுக்கும், பார்க்கக் கஷ்டமாக இருக்கும், பதறாதீர்கள். மற்ற பல விஷங்களுக்குச் சாப்பிட்ட 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்க வைத்தால்தான் பலன். சாக்லேட் அப்படியல்ல. வயிற்றின் சூட்டில் உருகிப் பிசின் மாதிரி ஒட்டி உருண்டையாக நிற்கும், மெதுவாகத்தான் குடலுக்கு இறங்கும். அதனால் 4, 6 மணி நேரம் கழித்தும் கணிசமாக வெளியே வரும். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. வழியில் ஓட்டுநரை விரட்ட வேண்டாம்.

வாந்தி நின்றதும் மருத்துவக் கரியைக் குழம்பாகக் கலந்து கொடுப்பார்கள். கிலோவுக்கு 1 முதல் 2 கிராம். அதாவது உங்கள் நாய்க்கு 5 முதல் 10 கிராம். வீட்டில் இருக்கும் கரி மாத்திரை ஒன்று 250 மில்லிகிராம் என்றால், இந்த அளவுக்கு 20 முதல் 40 மாத்திரை வேண்டும். அத்தனையை 5 கிலோ நாயின் வாயில் திணித்தால் பாதி மூச்சுக்குழாய்க்குத்தான் போகும். கரி நுரையீரலுக்குள் போனால் சாக்லேட்டைவிடப் பெரிய பிரச்சினை. தியோபுரோமின் பித்தநீரோடு மறுபடி குடலுக்கே வந்து சேரும் என்பதால் சில நேரம் 12 மணி நேரம் கழித்து இன்னொரு தவணையும் கொடுப்பார்கள். கரி குடலுக்குள் நீரை இழுத்து ரத்தத்தில் சோடியத்தை ஏற்றிவிடக்கூடும், ஆகவே சோடியம் பார்க்க ரத்தம் எடுத்தால் ஏன் என்று கவலைப்படாதீர்கள்.

இதற்கென்று முறிவு மருந்து கிடையாது. உடம்பு தானாகக் கழித்து முடிக்கும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. சிறுநீர் நிறையப் போக சிரை வழியாகத் திரவம் ஏற்றுவார்கள். இதயத்துக்கு ஈசிஜி மாட்டிவைப்பார்கள். நடுக்கம் வந்தால் மெத்தோகார்பமால், வலிப்பு வந்தால் டயசிபாம், துடிப்பு கட்டுக்கடங்காமல் போனால் புரோப்பனலோல் போன்ற மருந்து. சிறுநீர்ப்பையில் தேங்கும் தியோபுரோமின் அதன் சுவர் வழியாகவே ரத்தத்துக்குத் திரும்பிவிடும். அதனால் அடிக்கடி வெளியே கூட்டிப்போவார்கள், அல்லது குழாய் போட்டு வடிப்பார்கள்.

நீங்கள் முடிவு சொல்ல வேண்டியது பெரும்பாலும் ஒன்றுதான்: இரவு தங்கவைக்கலாமா என்பது. வாந்தியில் எவ்வளவு வந்தது, அதன்பின் துடிப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். கிலோவுக்கு 49 என்பது எல்லைக்கோட்டு அளவு. பெரும்பகுதி வெளியே வந்து, சில மணி நேரம் ஈசிஜி அமைதியாக இருந்தால் வீட்டுக்கு அனுப்பலாம். வாந்தியில் கொஞ்சம்தான் வந்தது என்றால் தங்கவைப்பதே சரி. செலவு மதிப்பீட்டை அப்போதே எழுத்தில் கேளுங்கள், கேட்பதில் தயக்கம் வேண்டாம். காப்பீடு இருந்தால் விஷ முறிவுச் சிகிச்சை அதில் அடங்குமா என்பதையும் போகும் வழியிலேயே பார்த்துவிடுங்கள்.

பெராக்சைடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். 3 சதவீதம் மட்டும், கிலோவுக்கு 1 முதல் 2 மில்லி, எவ்வளவு பெரிய நாயானாலும் மொத்தம் 45 மில்லிக்கு மேல் போகாமல் என்று ஓர் அளவு உண்டு. அதையும் மருத்துவர் போனில் இருந்து "கொடு" என்றால்தான் கொடுக்க வேண்டும். அது இரைப்பையின் உட்சுவரை எரித்து நுரைக்க வைத்துத்தான் வாந்தியைக் கொண்டுவருகிறது. அதனால் புண்ணும் ரத்த வாந்தியும் வரலாம். பக், ஷிட்சு, பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குக் கூடவே கூடாது, நுரை மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடுகளில் பக், ஷிட்சு அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஏற்கெனவே நடுங்குகிற, தள்ளாடுகிற, மயங்கிக் கிடக்கிற நாய்க்கும் கூடாது. தலைமுடிச் சாயத்தோடு வரும் பெராக்சைடு 6 சதவீதம், 9, 12 என்று இருக்கும். அதைக் கொடுத்தால் தொண்டையும் இரைப்பையும் வெந்துபோகும்.

மருத்துவமனை பல மணி நேரத் தொலைவில் இருக்கும் நாடுகளில் இந்த வழி தேவைப்படலாம். இங்கே இரவு 9 மணிக்கு மேல் தீவின் எந்த மூலையிலிருந்தும் முக்கால் மணி நேரத்துக்குள் ஒரு மருத்துவமனைக்குப் போய்விடலாம். இங்கே அதற்கு அவசியம் அரிது.

ஈசூன் கதிர் | இரவு 10:08

இதே திரியில் கேட்டுக்கிறேன், தப்பா நினைக்காதீங்க. சிங்கப்பூர் ஸ்பெஷல் (உள்ளூர்க் கலப்பின நாய்), 16 கிலோ, 3 வயசு. தங்கத்தாள் சுத்தின ஹேசல்நட் உருண்டை சாக்லேட் மூணு தின்னிருக்கு. மில்க் சாக்லேட்தான், ஒண்ணு 12.5 கிராம். தாளைப் பிரிச்சுத்தான் மேசையில் இருந்தது. இப்போ ஒரு மணி நேரம் ஆச்சு. நானும் ஓடணுமா?

தோ பாயோ ராஜன் | இரவு 10:15

ஓட வேண்டாம் கதிர். மூன்றும் சேர்த்து 37.5 கிராம். அதில் பருப்பும் வேஃபரும் போகச் சாக்லேட் இன்னும் குறைவு. ஆனாலும் முழுவதையும் மில்க் சாக்லேட்டாகவே வைத்துக்கொண்டால் 37.5 × 2.3 = 86 மில்லிகிராம். 16-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 5 சொச்சம். விஷக் கணக்கில் இது வீட்டிலிருந்தே கவனிக்கும் அளவு. உள்ளே இருப்பது ஹேசல்நட்தானா என்று மட்டும் உறையில் படித்துவிடுங்கள். மகடாமியாப் பருப்பு என்றால் பதில் வேறு.

இன்றிரவு சோறு வேண்டாம், தண்ணீர் தாராளமாக வைக்கவும். படுக்கும் முன் ஒரு தடவை, நடுவில் எழுந்து ஒரு தடவை கீழே கூட்டிப்போய்ச் சிறுநீர் கழிக்கவையுங்கள். துடிப்பை எண்ணத் தெரிந்துகொள்வது நல்லது. நாய் வலப்பக்கமாகப் படுத்திருக்கும்போது, இடது முன்னங்கால் முட்டி மார்போடு சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் விரல்களைத் தட்டையாக வையுங்கள். அழுத்தக்கூடாது. 15 விநாடி எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். இந்த உடம்புக்கு, ஓய்வில், 140-க்கு மேல் போய் 10 நிமிடம் கழித்தும் இறங்காவிட்டால் மருத்துவமனைக்குப் பேச வேண்டும். தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டக்கூடாது.

எண்ணுவதைவிட நடத்தை முதலில் காட்டிக்கொடுக்கும். படுத்த இடத்தில் படுக்காமல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து இடம் மாறுவது, காரணமில்லாமல் இரைப்பது, கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு மறுபடி தேடுவது, தொடைச் சதை துடிப்பது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடுவது. இதில் ஏதாவது ஒன்று தெரிந்தால் என் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். தின்றது மூன்றுதான் என்பதும் உங்கள் கணிப்புத்தானே. குளிர்சாதனத்தை ஓடவிடுங்கள். தியோபுரோமின் உடம்புச் சூட்டை ஏற்றும், நம் ஊர்ப் புழுக்கம் அதற்குத் துணைபோகும். ஆசனவாயில் வைக்கும் வெப்பமானி இருந்தால், நாய்க்கு 38.3 முதல் 39.2 பாகை இயல்பு. 40-ஐத் தொட்டால் காத்திருக்கக்கூடாது.

பீஷான் நளினி | இரவு 10:31

சாக்லேட்டோடு சேர்ந்து உள்ளே போகிற மற்றவற்றைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. தீபாவளி, பெருநாள், சீனப் புத்தாண்டு அன்பளிப்புக் கூடைகள் வீட்டுக்கு வரும்போது இதுதான் முக்கியம். மேலே போட்ட கணக்கு தியோபுரோமினுக்கும் கஃபீனுக்கும் மட்டும்தான் சரி.

முதலில் சர்க்கரை இல்லாச் சாக்லேட். நீரிழிவுக்காரர்கள் வீட்டில் இருக்கும். பொருள் பட்டியலில் சைலிட்டால் என்றோ E967 என்றோ இருந்தால் மேலே சொன்ன எண்களை மறந்துவிடுங்கள். நாயின் கணையம் அதைச் சர்க்கரை என்று நினைத்து இன்சுலினைக் கொட்டும், அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போகும். கிலோவுக்கு 0.1 கிராமே போதும். கிலோவுக்கு 0.5 கிராம் போனால் கல்லீரல் கெடலாம். தள்ளாட்டம், சோர்வு, வலிப்பு என்று வரும். கரியும் இதைச் சரியாகப் பிடித்துவைக்காது. போனில் பேசும்போது முதல் வார்த்தையே "சைலிட்டால்" என்று இருக்கட்டும். மாலிட்டால், எரித்ரிட்டால் என்று போட்டிருந்தால் இந்த ஆபத்து இல்லை. ஆனால் பெயர்கள் ஒன்றுபோலவே இருப்பதால் வாசித்துக் காட்டாமல், படம் எடுத்து மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது உலர்திராட்சை கலந்த சாக்லேட். இதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றைச் சொல்லமுடியாது. சில நாய்களுக்குக் கொஞ்சமே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். சாக்லேட் அளவு குறைவு என்று வந்தாலும் வாந்தி எடுக்க வைத்து, அடுத்த 2, 3 நாளுக்குச் சிறுநீரக ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் வாங்கி வரும் மகடாமியாச் சாக்லேட் பின்னங்கால்களைத் தளரவைக்கும், நாய் எழமுடியாமல் உட்கார்ந்துவிடும். 12 மணி நேரத்துக்குள் தெரியும், பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஆனாலும் காட்ட வேண்டும். காப்பிக்கொட்டைக்குச் சாக்லேட் பூசியது இரட்டைக் கேடு. கஃபீன் தியோபுரோமினைவிட வேகமாக ஏறும். மது நிரப்பிய சாக்லேட்டில் மதுவையும் தனியாகச் சொல்ல வேண்டும்.

கதிர் தம்பிக்கு: ஹேசல்நட் என்றால் விஷமில்லை, கொழுப்புதான் கவலை. நம் வீடுகளில் பெருநாளுக்குச் செய்யும் அல்மண்ட் லண்டன் பலகாரத்துக்கும் இதே பதில்தான். உள்ளே பாதாமும் வெண்ணெய் மாவும், மேலே சாக்லேட். பலகாரத்தின் மொத்த எடையை அல்ல, மேல்பூச்சின் எடையைக் கணக்கில் எடுங்கள். வீட்டில் செய்ததென்றால் எந்தச் சாக்லேட்டை உருக்கினார்கள் என்று செய்தவரையே கேட்டுவிடலாம். பேக்கிங் சாக்லேட் என்றால் எண் ஆறு மடங்கு கூடிவிடும்.

மைலோ பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். அதில் மால்ட், பால், சர்க்கரையோடு கோக்கோ கலந்திருப்பதால் சுத்தமான கோக்கோ தூளின் வீரியம் இல்லை. தரையில் சிந்திய ஒரு வாய் மைலோவை நக்கியதற்கு யாரும் ஓட வேண்டியதில்லை. டப்பாவுக்குள் தலையை விட்டுத் தின்றிருந்தால் பேச வேண்டும். கோப்பி வடிகட்டிய சக்கையைக் குப்பைப் பையிலிருந்து தின்றாலும் பேச வேண்டும். வடித்த பிறகும் அதில் கஃபீன் மிஞ்சியிருக்கும்.

புங்கோல் மலர் | அதிகாலை 1:12

ஊசி போட்டதும் மூணு தடவை எடுத்துச்சு. பழுப்பாக் கட்டியா நிறைய வந்தது, வெள்ளித்தாள் ஒரு துண்டும் வந்தது, ஆனா முழுசும் வரலை. கரி கொடுத்தாச்சு. துடிப்பு 170-ல் இருந்து 140-க்கு இறங்கியிருக்கு. காலை வரைக்கும் வச்சுப் பார்க்கிறாங்க. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தப்புறம் எதைப் பார்க்கணும்? எப்போ இருந்து பழைய சாப்பாடு கொடுக்கலாம்?

விலங்கு மருத்துவச் செவிலி | அதிகாலை 1:30

இறங்கிக்கொண்டிருக்கும் துடிப்பு நல்ல செய்தி மலர். வந்தபின் பார்க்க வேண்டியது மூன்று.

மலம் ஒன்றிரண்டு நாளுக்குத் தார் மாதிரி கருப்பாக இருக்கும். அது கரி. பயம் வேண்டாம். நான்காம் நாளும் கருப்பாகவே, பிசுபிசுப்பாகவே போனாலோ சிவப்பு கலந்திருந்தாலோ காட்டுங்கள். கரி வாந்தி வெள்ளை விரிப்பிலிருந்தும் பளிங்குத் தரை இடுக்கிலிருந்தும் போகவே போகாது, இரண்டு நாளுக்குப் பழைய விரிப்பைப் போட்டுவையுங்கள்.

அடுத்தது கணையம். சாக்லேட்டின் கொழுப்பால் வரும் கணைய அழற்சி விஷமெல்லாம் இறங்கி, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது, 1 முதல் 3 நாள் கழித்துத் தலைகாட்டும். சாப்பிட மறுப்பது, திரும்பத் திரும்ப வாந்தி, வயிற்றைத் தொட்டால் சிணுங்குவது, முன்னங்கால்களை நீட்டித் தரையில் பதித்துப் பின்பக்கத்தைத் தூக்கி நிற்பது. கடைசியாகச் சொன்ன நிலையைப் பலர் விளையாட்டு வணக்கம் என்று விட்டுவிடுகிறார்கள். விளையாடக் கூப்பிடும் நாய் அடுத்த நொடியே துள்ளும். வலியில் நிற்கும் நாய் அப்படியே நிற்கும். கதிரும் இதை 3 நாள் கவனிக்க வேண்டும், கணையத்துக்கு மில்க் சாக்லேட், டார்க் சாக்லேட் வித்தியாசம் தெரியாது.

சாப்பாடு: அவர்கள் சொல்லும் நேரம்வரை ஒன்றும் வேண்டாம். பிறகு தோலுரித்த கோழி நெஞ்சுக்கறியை உப்பு, எண்ணெய், வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் அவித்து, குழைந்த சோறு இரண்டு பங்குக்குக் கறி ஒரு பங்காகப் பிசைந்து, ஒரு வேளைக்கு இரண்டு மேசைக்கரண்டி, ஒரு நாளைக்கு நான்கு வேளை. இரண்டு நாள் இதுவே போதும். மூன்றாம் நாளிலிருந்து வழக்கமான தீனியைக் கால்வாசி, அரைவாசி என்று கலந்து கூட்டிக்கொண்டு போங்கள். முதல் நாள் 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை சிறுநீர் கழிக்கவையுங்கள், விரிப்பில் போகப் பழகிய நாய் என்றால் கீழே இறங்க வேண்டியதில்லை. கன்றுக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டு வந்தாலும் இரண்டு நாளுக்கு ஓட்டமும் பந்தும் வேண்டாம், இதயத்துக்கு ஓய்வு தேவை. வலிக்கிறது என்று நினைத்துப் பனடோல் (பாராசிட்டமால்) கொடுத்துவிடாதீர்கள்.

மூன்றாவது, உள்ளே தங்கிய வெள்ளித்தாள். காணாமல் போன உள்ளங்கை அளவுத் தாளில் ஒரு துண்டு வெளியே வந்துவிட்டதால், மிச்சம் சிறியதாகத்தான் இருக்கும். பெரும்பாலும் 2, 3 நாளில் மலத்தோடு வந்துவிடும். கரியில் கருத்த மலத்துக்குள் பளபளப்பு கண்ணில் படாது. ஒவ்வொரு தடவையும் பிளாஸ்டிக் பைக்கு வெளியிலிருந்தே விரலால் நசுக்கிப் பாருங்கள், தாள் சரசரக்கும். வந்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 3 நாளாகியும் வராமல், அதோடு வாந்தியோ முக்கலோ மலமே போகாமலோ இருந்தால் உடனே மறுபடி கூட்டிப்போங்கள். வராமலிருந்தும் நன்றாகச் சாப்பிட்டு மலம் கழித்துக்கொண்டிருந்தால், உங்கள் கண்ணுக்குத் தப்பிப் போயிருக்கும்.

புங்கோல் மலர் | மறுநாள் காலை 8:05

துடிப்பு 110. ஈசிஜி சரியா இருக்காம். 10 மணிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க. கோழி அவிக்கப் போட்டாச்சு.